ராஜா ஜோடியைக் கவிழ்க்கத் தெரிந்தவர்

அத்தியாயம் 7

"ஆமாவா, இல்லையா? அந்த ஒரு வார்த்தை போதும் லோர்னா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஹீதர் ரட்டர் கார் கண்ணாடி வழியாக டால்ஃபின் ஆர்ம்ஸ் பப்பின் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைப்பை. அதன் வாரை இரண்டு கையாலும் முறுக்கி, பிரித்து, மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தாள். டிக்கியில் அவளுடைய பெட்டி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் இருந்து அவள் எடுத்துக்கொண்டு வந்தது அந்த ஒன்றுதான்.

போர்ட் லிங்கன் துறைமுகத்தில் தொலைந்த நாயையும் தொலைந்த கணவனையும் தேடிக் கொடுக்க லோர்னா டெவெனிஷை விட்டால் ஆள் கிடையாது. நாய் கேஸ்களை அவள் விரும்பி எடுப்பாள். கணவன் கேஸ்களை வேண்டாவெறுப்பாக எடுப்பாள். இந்தக் கேஸை எடுத்தே இருக்கக் கூடாது. ஹீதரும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வலைப்பந்து அணி. ஹீதர் கல்யாணத்தில் மாப்பிள்ளை க்ளெமின் ஷூவை லோர்னாதான் ஒளித்து வைத்தாள்.

"எதை வெச்சு சந்தேகப்படறே, இன்னொரு தடவை சொல்லு" என்றாள் லோர்னா.

"என் முகத்தைப் பாத்துப் பேசறதே இல்ல. எதிர்ல போய் நின்னா என் காதைப் பாக்கறான். காதுல என்ன இருக்கு? ஒரு தோடு கூடக் கிடையாது. தப்பு பண்றவன்தான் நேரா பாக்க மாட்டான்."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை ஆனா சீட்டாடப் போறேன்னு இங்க வர்றான். இருட்டற நேரத்துல அந்த ராஸ்லின் கார்ல வந்து தெருமுனையில இறங்கறான். வாசல்ல இல்ல, தெருமுனையில! உன் வண்டி எங்கடான்னா, ரெண்டு பியர் குடிச்சிட்டேன், ஓட்டக் கூடாதுன்னு விட்டுட்டு வந்தேங்கறான். அவ சூரை மீன் ஆலையில தரம் பிரிக்கிறவ. புருஷன் இல்ல. நல்லா சிரிப்பா. போதுமா?"

போதும்தான். ஊரில் பாதிப் பேர் இதைவிடக் குறைந்த சாட்சியத்தில் பிரிந்திருக்கிறார்கள்.

"அடிலெய்டுல தங்கச்சி அறையெல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கா. உள்ள இறைச்சித் தட்டுக்கான பரிசுக் குலுக்கல் முடியறதுக்குள்ள நீ வந்து சொல்லணும். ஆமான்னா, நேரா பஸ் நிலையத்துல கொண்டு விட்டுடு. அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

ஜன்னலில் யாரோ தட்டினார்கள். ஆறடிக்கு மேல் ஒரு உடம்பு, அதற்குப் பொருந்தாத குழந்தை முகம், கையில் கிண்ணம் நிறைய உருளைக்கிழங்கு வறுவல். லோர்னாவின் உதவியாளன் டிக்பி. முன்பு சூரை மீன் படகில் வேலை. கடலுக்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லையா, அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையா என்று துறைமுகத்தில் இன்னும் பட்டிமன்றம் நடக்கிறது.

"பாஸ், சாட்சியமும் சூடா இருக்கு, வறுவலும் சூடா இருக்கு. எதை முதல்ல தரட்டும்?"

லோர்னா இறங்கி அவனைக் காலி பீப்பாய்கள் அடுக்கியிருந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சிரிக்காதடா. அவ வாழ்க்கை அந்தக் கார்ல உக்காந்திருக்கு."

"நான் சிரிச்சாத்தான் பாஸ் யோசிக்க வரும். சரி, கேளுங்க. ஆட்டத்தை நடத்தற கஸ்ஸுக்கும் அவங்க ரெண்டு பேர் மேலயும் சந்தேகம். ஆனா கட்டில் விவகாரமில்ல. மேஜை விவகாரம். கூட்டு சேந்து ஏமாத்தறாங்கன்னு."

டால்ஃபின் ஆர்ம்ஸில் ஞாயிறு மதியம் நடப்பது இலவச போக்கர். காசு கட்ட வேண்டாம், காசு கிடைக்கவும் கிடைக்காது. புள்ளிகள் சேரும், இறுதி ஆட்டத்தில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். காசில்லாத ஆட்டமாச்சே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். அந்த ஊரில் இரண்டு அண்ணன் தம்பிகள் இதற்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, மறைவாக. அப்புறம் நடுமேஜையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டை மல்லாத்துவார்கள். அதுதான் ஃப்ளாப். கையில் இருக்கும் ராஜா ஜோடியை அரியணையில் உட்கார வைப்பதும் நடுத்தெருவில் நிறுத்துவதும் அந்த மூன்று சீட்டுகள்தான். மூன்றும் ஒரே இனமாக, அடுத்தடுத்த எண்ணாக வந்து விழுந்தால் புத்தியுள்ளவன் ராஜாவைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவான். ஆனால் யாருக்கு மனசு வரும்? பெரிய ஜோடி கைக்கு வருவதே அபூர்வம். கல்யாண மோதிரத்தைக் கழற்றினாலும் கழற்றுவார்கள், ஆஸ் ஜோடியைக் கவிழ்க்க மாட்டார்கள்.

க்ளெம் ரட்டர் கவிழ்ப்பார். அதற்காகவே அவருக்கு ஊரில் பெயர்.

"அதான் வேடிக்கை" என்றான் டிக்பி, வறுவலை மென்றுகொண்டே. "ராஸ்லின் அதே மேஜையில இருந்தா மனுஷன் புலி. ஆஸ் ஜோடியைக் கூட ஒரு சிரிப்பு சிரிச்சுக் கவுத்துடறார். ராஸ்லின் வேற மேஜைக்குப் போயிட்டா? போன வாரம் பாத்தேன். கையில ராணி ஜோடி. ஃப்ளாப்புல ஆஸும் ராஜாவும் பல்லை இளிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. இவர் மொத்தப் பந்தயச் சில்லையும் தள்ளறார். சீட்டாடத் தெரியாத என் அத்தை கூடத் தள்ள மாட்டாங்க. முதல் ஆளா வெளிய."

"ஜாடை காட்டறாளா?"

"காலால தட்டறாங்களான்னு மேஜைக்கு அடியில குனிஞ்சு பாத்தேன், லைட்டர் விழுந்த மாதிரி. திரும்பத் திரும்ப விழுந்துது. இப்ப கஸ் என்னை ஒரு மாதிரியா பாக்கறார்."

"வாயால?"

"வாயா? மூடினாத்தானே! ஒவ்வொரு ஃப்ளாப்புக்கும் குதிரைப் பந்தய வர்ணனை மாதிரி ஒரு கூச்சல். 'வந்தாளய்யா ராணி, டைமன் ராணி, பின்னாடியே ஏழு, எட்டு, ரெண்டும் கறுப்பு'ன்னு. அவங்க சீட்டைக் கவுத்து ஆட்டத்தை விட்டு விலகியிருந்தாக் கூட வர்ணனை மட்டும் நிக்காது. கஸ்ஸுக்கு அதுலதான் சந்தேகம். உள்ள ஏதோ சங்கேதம் இருக்குன்னு நானும் ஞாயிறு ஞாயிறா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன்."

"கண்டுபிடிச்சியா?"

"இல்ல பாஸ். ராணின்னு சொன்னா அங்க ராணிதான் இருக்கு. எட்டுன்னா எட்டு. கறுப்புன்னா கறுப்பு. ஒரு எழுத்து பொய் இல்ல. சங்கேதத்துல இவ்வளவு நேர்மையை நான் பாத்ததே இல்ல."

கிண்ணத்துக்குள் போன லோர்னாவின் கை அப்படியே நின்றது.

"அவர் என்ன குடிக்கிறார்?"

"எலுமிச்சை சோடா. பார்ல விசாரிச்சாச்சு. பியரைத் தொட்டே ரொம்ப நாளாச்சாம். பள்ளிக்கூட பஸ் ஓட்டறவராச்சே."

"ஹீதர்கிட்ட ரெண்டு பியர் குடிச்சதாச் சொல்றார்."

டிக்பி தலையைச் சொறிந்தான். "குடிச்சிட்டுக் குடிக்கலன்னு சொன்னவன் ஆயிரம் பேரைப் பாத்திருக்கேன். குடிக்காம குடிச்சேன்னு சொல்றவரை இப்பத்தான் பாக்கறேன்."

"நான் உள்ள போய் ஆடறேன். அவர் மேஜையில இடம் வாங்கிக் கொடு. நான் கழுத்தைத் தடவினா, ராஸ்லினை அங்கிருந்து கிளப்பு."

"கட்டடம் தீப்பிடிச்சாக் கூட ஃப்ளாப்பைச் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாங்க பாஸ்."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

*

க்ளெம் சுவரோர நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள், நரைத்த மீசை, தேய்த்த சட்டை. லோர்னா எதிரே போய் நாற்காலியை இழுத்தாள். அவர் மரியாதையாக, யாரோ ஒரு புது ஆளுக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார்.

"என்ன க்ளெம், ஷூவெல்லாம் பத்திரமா?"

"அடப்பாவி, லோர்னாவா!" முகம் மலர்ந்தது. பார்வை மட்டும் அவள் காதோரமாகப் போய் நின்றது. "உனக்கு எப்பத்துலேர்ந்து இந்தப் பழக்கம்?"

"நாய்ங்க எதுவும் காணாமப் போகல. பொழுது போகல."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ராஸ்லின். ஐம்பதைத் தாண்டியவள். மீன் ஆலையின் குளிரில் சிவந்து தடித்த விரல்கள். ஹீதர் சொன்னது சரி, நல்ல சிரிப்பு.

சீட்டு விழுந்தது. க்ளெம் தன் இரண்டு சீட்டையும் மூக்கருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். சில்லுகளை உயர்த்திப் போட்டார். கோதுமை விவசாயி ஒருவர், மேஜையின் மறுகோடியில் தாடியோடு உட்கார்ந்திருந்தவர், ஃப்ளாப்பை மல்லாத்தினார்.

"ஐயோ ஐயோ, ஆஸ் வந்துட்டான், கிளாவர் ஆஸ்!" ராஸ்லினின் குரல் கூடத்தைக் கிழித்தது. "கூடவே பத்தும் ஒம்பதும், ரெண்டும் கிளாவர். கறுப்பா காடு மாதிரி இருக்கே, யாருக்கு மழை, யாருக்கு இடி?"

"எனக்கு இடி" என்றார் க்ளெம். ஜாக்கி ஜோடியைக் காட்டிக் கவிழ்த்தார். மேஜை முழுக்க ஒரு முணுமுணுப்பு. விவசாயி தாடியைத் தடவினார். "எப்படித்தான் மனசு வருதோ இந்த ஆளுக்கு."

லோர்னா கழுத்தைத் தடவினாள்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் குலுக்கல் அறிவிப்பு கரகரத்தது. "இறைச்சித் தட்டு... ராஸ்லின்! ராஸ்லின் எங்கம்மா? பன்றி விலா காத்திட்டிருக்கு!" அறிவிப்பவர் தோளுக்குப் பின்னால் டிக்பியின் தலை தெரிந்தது.

ராஸ்லின் எழவில்லை. "நான் குலுக்கல் சீட்டே வாங்கலையே" என்றாள். "அப்புறமா வாங்கிக்கறேன்னு சொல்லுங்க."

"இப்ப வரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்!"

மேஜையே அவளை விரட்டியது. போம்மா, சும்மா கிடைக்கிறதை விடுவாங்களா. அவள் க்ளெமைப் பார்த்தாள். மேஜைகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டிருந்த கஸ்ஸைப் பார்த்தாள். "நான் வந்தப்புறம் அடுத்த சீட்டைப் போடச் சொல்லுங்க கஸ்."

"அதெல்லாம் முடியாது. நாற்காலியில ஆள் இல்லன்னா அந்தக் கை செத்த கை. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அவள் போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சீட்டு விழுந்தது. லோர்னாவுக்கு ஆஸும் ஆறும், இரண்டும் ஹார்ட்டின். க்ளெம் தன் சீட்டுகளை மூக்கருகே கொண்டுபோனார். மீசைக்கடியில் ஒரு சின்ன அசைவு. பெரிதாக உயர்த்தினார். மற்றவர்கள் விலக, லோர்னா மட்டும் கூடவே போட்டாள்.

விவசாயி ஃப்ளாப்பை மல்லாத்தினார். வாயைத் திறக்கவில்லை. யாரும் திறக்கவில்லை.

ஹார்ட்டின் ராணி. ஹார்ட்டின் ஜாக்கி. ஹார்ட்டின் ஒன்பது.

எந்தப் பெரிய ஜோடிக்கும் குளிர்ஜுரம் வரவேண்டிய ஃப்ளாப். கையில் இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவனிடம் தோற்கும். பத்தும் எட்டும் வைத்திருப்பவனிடம் தோற்கும். லோர்னாவின் கையில் ஆஸ் தலைமையில் ஐந்து ஹார்ட்டின் சேர்ந்தாகிவிட்டது. அவள் சும்மா மேஜையைத் தட்டி முறையைக் க்ளெமுக்கு விட்டாள்.

க்ளெம் அசையவில்லை.

அவர் யோசிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லோர்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிற முகத்தை அவளுக்குத் தெரியும். இது வேறு. தலை லேசாகக் காலி நாற்காலி பக்கம் திரும்பியிருந்தது. வரவேண்டிய ரயிலுக்குக் காது கொடுப்பவன் முகம்.

அவர் சோடா தம்ளரை எடுக்கிற சாக்கில் முன்னால் குனிந்தார். முகத்தை நன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். மேஜையில் ஃப்ளாப், அவர் பார்ப்பது சுவரை. அப்படியே ஒரு கணம் இருந்தார். மறுபடி சாய்ந்தார்.

"என்ன க்ளெம், தூக்கமா?" என்றார் விவசாயி.

"அவசரம்னா நீ போய் டிராக்டர் ஓட்டு." சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இரண்டு கையாலும் சில்லுக் கோபுரங்களை அணைத்து நடுவில் தள்ளினார். "மொத்தமும்."

லோர்னா ராஸ்லினின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

மேஜையில் கிடக்கும் சீட்டை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கே ஒருத்தி வாரா வாரம் கத்திச் சொல்கிறாள். ஒரு எழுத்து பொய் இல்லாமல். சங்கேதமே இல்லாத சங்கேதம். அந்தச் சீட்டைப் பார்க்க முடியாத ஒருவருக்காக.

பந்தயத்தை ஏற்றால் சீட்டைத் திறக்க வேண்டும். அவர் ஏதோ பெரிய ஜோடியைத் திறப்பார், அவள் ஹார்ட்டினைத் திறப்பாள், ஊரே அவரைப் பார்க்கும். ஆஸையும் ஆறையும் கவிழ்த்து, சீட்டுக் குவியலுக்குள் ஆழமாகச் செருகினாள்.

"எனக்கு தைரியமில்லப்பா. எடுத்துக்க."

க்ளெம் சந்தோஷமாகத் தன் சீட்டுகளைப் புரட்டினார். ஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா. ஹார்ட்டின் வாடை கூட இல்லை.

விவசாயி வாயைப் பிளந்தார். "க்ளெம்! இந்த ஃப்ளாப்புலயா?"

க்ளெமின் சிரிப்பு உதட்டிலேயே தங்கிவிட்டது. "எந்த..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பெரிய கைகள் சில்லுகளைத் தடவித் தடவிச் சேர்த்துக்கொண்டன. "சில சமயம் மனுஷன் துணிஞ்சுதானே ஆகணும்" என்றார் மெதுவாக.

*

சமையலறைத் தாழ்வாரத்தில் ராஸ்லினை லோர்னா மறித்தாள். ராஸ்லின் கையில் இறைச்சித் தட்டு. பின்னால் டிக்பி, ஏக்கத்தோடு அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"என் குலுக்கல் சீட்டுக்குத்தான் பாஸ் விழுந்தது. நிஜமாவே விழுந்தது. வாழ்க்கையில முதல் தடவை. இவங்க பேரைச் சொல்லச் சொல்லி தானம் பண்ணிட்டேன்."

லோர்னா அவனைக் கவனிக்கவில்லை. "அவருக்கு எவ்வளவு தெரியுது ராஸ்லின்?"

ராஸ்லின் முகத்தில் இருந்த சிரிப்பின் மிச்சம் எல்லாம் கரைந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தள்ளிட்டாரா?"

"ராஜா ஜோடி. நடுவுல மூணும் ஹார்ட்டின்."

"ஐயோ." கண்ணை மூடித் திறந்தாள். "நடுவுல மட்டும் தெரியாதுங்க. ஓரமெல்லாம் தெரியும். ஒரு கண்ணு ரொம்ப மோசம், இன்னொண்ணும் பின்னாலயே போயிட்டிருக்கு. எங்கப்பாவுக்கு இதேதான். நேரா ஒருத்தர் முகத்தைப் பாத்தா அந்த இடத்துல சாம்பல் அப்பின மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் பாத்தா, காதைப் பாத்தா, அப்ப ஓரத்துல அந்த முகம் வந்து நிக்கும்."

லோர்னா சுவரில் கை ஊன்றினாள். முகத்தைத் தவிர்ப்பதற்காக அவர் காதைப் பார்க்கவில்லை. ஹீதரின் முகத்தைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி அது.

"நீங்க ரெண்டு பேரும்..."

"நானா? அவரோடயா?" ராஸ்லின் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "வண்டியில ஏறினா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஹீதர் ஹீதர் ஹீதர்தான். சாயங்காலம் ஆனா ரோடு சுத்தமா தெரியாது அவருக்கு. அதான் கொண்டு விடறேன். வாசல்ல விட்டா ஹீதர் கேப்பா எதுக்குன்னு, முனையில நிறுத்துங்கம்பார்."

"திங்கக்கிழமை காலையில அவர் குழந்தைங்களை ஏத்திக்கிட்டுப் போறார்."

"தெரியும்."

"தெரியுமா?"

"தினமும் நான் என் வண்டியில பின்னாலயே போறேன், ஆலைக்குப் போற வழியில. சொல்லிடுங்க, நிறுத்திடுங்கன்னு கெஞ்சிட்டேன். இந்தப் பள்ளிக்கூடப் பருவம் முடியட்டும், முடியட்டும்னே சொல்றார்."

"பின்னால போய் என்ன செய்வே? முன்னால ஒரு பிள்ளை ஓடினா?"

இறைச்சித் தட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை ராஸ்லின் விரலில் நசுங்கியது.

*

"இல்லை" என்றாள் லோர்னா, கார்க் கதவைத் திறந்தபடியே.

ஹீதர் நிமிர்ந்தாள். "இல்லையா? நிஜமா? இல்லையா?" சிரிப்பும் அழுகையுமாக ஏதோ வந்தது. கைப்பை வாரை விட்டாள். "நான் ஒரு மடச்சி. லோர்னா, நான் ஒரு மடச்சி, பெட்டியெல்லாம் கட்டி..."

"ஹீதர். இன்னும் இருக்கு."

சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ஹீதரின் முகத்தில் சற்று முன் வந்த வெளிச்சம் எந்த வழியாகப் போனது என்றே தெரியவில்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றாள் ஹீதர். "அவகிட்ட சொல்லியிருக்கான். என்கிட்ட சொல்லல."

"ஹீதர், கொஞ்சம் இரு."

அதற்குள் அவள் இறங்கி நடந்துவிட்டாள். ஆட்டத்தில் இடைவேளை. பப்பின் பின்பக்க மரத்தளத்தில், கடலைப் பார்த்துப் போட்ட மேஜையில் க்ளெம் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹீதர் போய் நேர் எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் மேற்கு வெயில்.

க்ளெம் நிமிர்ந்தார். மரியாதையாகப் புன்னகைத்தார்.

"நாற்காலி வேணுமாம்மா? எடுத்துக்குங்க, இங்க யாரும் வரல."

ஹீதர் வாயைப் பொத்திக்கொண்டாள். பீப்பாய்களின் பக்கத்தில் நின்ற டிக்பி திரும்பிக்கொண்டான்.

"நான்தான் க்ளெம்."

அவர் கையிலிருந்த தம்ளர் மேஜையில் இடித்தது. "ஹீதர்? நீ எங்க இங்க? வெயில், கண்ணு கூசுது, அதான்..."

"போதும். எனக்குத் தெரியும்."

கடலில் ஒரு படகு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கரைக்கு வந்து, அடங்கியது.

"அவகிட்ட சொல்லத் தெரிஞ்சுது உனக்கு. யாரோ ஒருத்திகிட்ட. ஏதாவது பொண்ணு விவகாரம்னா நான் சண்டை போட்டிருப்பேன் க்ளெம். கத்தியிருப்பேன், அடிச்சிருப்பேன். இதுக்கு நான் என்ன பண்ண? அவகிட்ட சொன்னே, என்கிட்ட சொல்லல!"

"நான் யாருகிட்டயும் சொல்லல ஹீதர்."

"பொய் சொல்லாத."

"நிஜமா. அவளாக் கண்டுபிடிச்சா. நாலு கை ஆடறதுக்குள்ள கண்டுபிடிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த ஃப்ளாப்புலேர்ந்து சத்தம் போட்டுச் சொல்ல ஆரம்பிச்சா." அவர் தம்ளரின் விளிம்பைத் தடவினார். "நீ கேப்பேன்னு காத்திட்டிருந்தேன். நீ கேட்டா சொல்லிடணும்னு. டீயில சர்க்கரைன்னு உப்பைப் போட்டுக் குடுத்தேன், யார் நெனப்புலடா இருக்கேன்னு கேட்டே. கொல்லையில ஏணி தடுக்கி விழுந்தேன், குடிச்சியான்னே. அதுக்கப்புறம் ரெண்டு பியர்னு சொல்றது சுலபமா இருந்துது."

ஹீதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது போல.

டிக்பி, பக்கத்தில் வந்து நின்ற லோர்னாவிடம் தணிந்த குரலில் கேட்டான். "அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க பாஸ்? ஆமான்னா, இல்லைன்னா?"

"இல்லைன்னு."

"அது நல்ல சேதியாச்சே."

"ஆமாண்டா" என்றாள் லோர்னா. "நல்ல சேதி."

பிறகு ஹீதரின் குரல், முன்னைப் போல் உயராமல், வீட்டுக் கணக்குப் பேசுகிற குரலில் வந்தது.

"நாளைக்குக் காலையில?"

"பாதை எனக்கு மனப்பாடம் ஹீதர். ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு குழியும்."

"பாதை மனப்பாடம். பாதையில ஓடி வர்ற பிள்ளை?"

க்ளெமின் மீசை ஆடியது. சட்டைப் பையில் கைவிட்டு போனை எடுத்தார். மேஜை மேல் வைத்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

"டிப்போ நம்பர். நெவில்னு இருக்கும். எழுத்து ரொம்பச் சின்னது."

ஹீதர் எண்ணைத் தேடி அழுத்தினாள். எழுந்து சுற்றி வந்து, அவர் பக்கத்தில் நின்று, போனை அவர் காதருகே பிடித்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெவில்? க்ளெம் பேசறேன். நாளைக்கு நான் பஸ் எடுக்கல. வேற ஆளைப் போட்டுடு." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "இல்ல, ஜுரமெல்லாம் இல்ல." மறுபடி ஏதோ. "இல்ல நெவில். நாளைக்கு மட்டும் இல்ல."

ஹீதர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். போனை மட்டும் விலக்கவில்லை.

"வர்றவன்கிட்ட ஒண்ணு சொல்லிடு. தானியக் குதிர்கிட்ட ஒரு நிறுத்தம் இருக்கில்ல, அங்க ஒரு பொண்ணு எப்பவும் லேட்டாத்தான் ஓடி வரும். சட்டுனு கதவை மூடிட வேணாம். நான் எப்பவுமே கொஞ்சம் கூட நேரம் நிப்பேன், எல்லாரும் ஏறியாச்சான்னு எனக்கு..."

எதிர்முனையில் நெவில் இரண்டு முறை ஹலோ சொன்னது மரத்தளத்தின் கோடி வரைக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார் க்ளெம். "வர்றவனுக்குத் தெரியும். பஸ் கண்ணாடியில பாத்தாலே தெரியும்."